பத்திரம் என்று சொன்ன பிறகும்

விடக்கூடாது… கை மரத்துப் போகட்டும், மழை கண்ணைக் குத்தட்டும், யார் வந்து சொன்னாலும் சரி… அவள் வாயால் சொல்லும் வரைக்கும் விடக்கூடாது.

முக்கால் மணி நேரமாக இதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு பாறையடியில் நின்றிருந்தாள். அவள் பிடித்திருந்த கயிறு நேரே மேலே போய், உச்சியில் ஒரு வளையத்தில் நுழைந்து, மறுபடி கீழே இறங்கியது. அதன் நுனியில், நாற்பதடி உயரத்தில், அவளுடைய தோழி தொங்கிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாதவள் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘வாலு’. இப்போது அந்த வாலு அசையாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

பற்றிய கல் பெயர்ந்து வந்துவிட்டது. சறுக்கியபோது இடது கால் பாறை வெடிப்புக்குள் போய்ச் சிக்கி, முழங்காலுக்குக் கீழே ஒடிந்திருந்தது. கயிற்றை ஒரு சாண் தளர்த்தினாலும் உடம்பின் மொத்தக் கனமும் அந்தக் காலில்தான் இறங்கும். கீழிருந்தபடி ஒற்றைக் கையால் போன் செய்து மீட்புக் குழுவை அழைத்தவள், மறுகையை இம்மியும் அசைக்கவில்லை.

அப்போதுதான் உச்சியிலிருந்து மீட்புக் குழுக்காரன் ஒருவன் வேறொரு கயிற்றில் சரசரவென்று இறங்கி வந்தான். சிவப்புத் தலைக்கவசத்துக்கும் கழுத்துவரை மூடிய மழைக்கோட்டுக்கும் நடுவே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மழையில் கழுவிவிட்ட மாதிரி அப்படியொரு தெளிவு… கண்ணாடிக் கடையில் தினமும் நாற்பது பேருடைய கண்ணை அளப்பவள் அவள். இந்த நேரத்திலும், நாற்பதடி உயரத்திலிருந்த கண்ணைப் பார்த்து மனம் அளவெடுக்கப் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“உங்க கயிறு குறுக்க இழுக்குது. இவங்கள என் கயித்துல மாட்டிட்டேன். விடுங்க,” என்றான்.

“அவ சொல்லட்டும்.”

“அவங்க அரை மயக்கத்துல இருக்காங்க. நான் சொல்றேன், விடுங்க.”

“நீங்க சொன்னா விட முடியாதுங்க.”

அவர்களுடைய மலையேறுநர் சங்கத்தில் அது வழக்கம். தொங்குகிறவள் தன் வாயால் ‘பத்திரம்’ என்று சொல்ல வேண்டும். கீழே நிற்பவள் ‘விடுறேன்’ என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். வேறு யார் வாக்கும் அங்கே செல்லாது, பெற்ற அப்பாவே வந்து நின்றாலும்.

அவன் என்னவோ முணுமுணுத்தான். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு இன்னும் கீழே இறங்கி, வாலுவின் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினான். நடுவில் ஒருமுறை சட்டென்று குனிந்து, அவளுடைய இடுப்பருகே ஏதோ செய்தான். ஒரு கணம் அப்படியே உறைந்து நின்ற மாதிரி இருந்தது… மழையில் சரியாகத் தெரியவில்லை.

கடைசியில் மேலிருந்து, மூக்கடைத்த குரலில், “பத்திரம்டி… என் அம்மா… விட்டுத் தொலை,” என்று கேட்டது.

“விடுறேன்,” என்றாள். விரல்களைப் பிரிக்க மறுகையின் உதவி தேவைப்பட்டது.

வாலுவை வண்டியில் ஏற்றிய பிறகு அவன் அவளருகே வந்தான். “பதினொரு நிமிஷம்,” என்றான். அதில் கோபம் இல்லை. ஆனால் வேறென்ன இருந்தது என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கோபம் ஒரு வாரம் கழித்து வந்தது, காகித வடிவில். மீட்புக் குழுவின் அறிக்கையில், ‘உடன் வந்தவர் கயிற்றை விட மறுத்ததால் பதினொரு நிமிடம் தாமதம்’ என்று ஒரு வரி இருந்தது. கீழே அவனுடைய கையெழுத்து. சங்கச் செயலாளர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, மீட்புக் குழுவினர் வந்து அவளைச் சோதித்துச் சரியென்று சொல்லும் வரை அவள் யாருக்கும் கயிறு பிடிக்கக் கூடாது என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

வீட்டில் அண்ணன் சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். சங்கமே சொல்லிவிட்டதால் இனி மலையை அந்தப் பக்கம் விட்டுவிட்டு ஒழுங்காகக் கண்ணாடி விற்கலாம் என்றான். அம்மா விட்ட பெருமூச்சில் இருந்த நிம்மதிதான் அதிகமாக வலித்தது.

நான் பிடித்தது தப்பா… கடையில் லென்ஸைத் துடைத்தபடி அதையே நினைத்தாள். ஏழு வருடம் ஏறியதெல்லாம் இருக்கட்டும். ‘நீ கீழே நின்றால் எனக்குப் பயமில்லை’ என்று நாலு பேர் சொன்னார்களே, அது போய்விடுமா?

மருத்துவமனையில் வாலு கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு சுகமாக இருந்தாள்.

“அந்த ‘விடுங்க’ சார் மறுபடி வந்தாருடி. மூணாவது தடவை.”

“கால் சரியாயிடுச்சான்னு அறிக்கை எழுதணும்ல.”

“என் காலை எட்டிக்கூடப் பாக்கலை. நீ எந்தக் கடையில இருக்க, கை ஆறிடுச்சா, எப்பவுமே இப்படித்தான் பிடிவாதமான்னு ஒரே விசாரணை. நோயாளி நானா நீயான்னே எனக்கு டவுட் வந்துடுச்சு.”

அவளுக்குக் காது சூடானது. அந்த எரிச்சலோடு லிஃப்டில் ஏறினால், உள்ளே அவன். தலைக்கவசம் இல்லாமல் பார்ப்பது இதுதான் முதல் முறை. நெற்றியில் மழையில்லாத நாட்களின் வெயில் கறுத்திருந்தது. அந்தக் கண்கள் மட்டும் அப்படியே…

கை எப்படியிருக்கிறது என்று கேட்டான். உள்ளங்கையில் கயிறு அறுத்துக் காய்ந்திருந்த தழும்பை அவள் மூடிக்கொண்டாள்.

“அறிக்கையில கையைப் பத்தி ஒண்ணும் காணோமே சார்.”

அவன் முகம் வாடியது. “அறிக்கையில நிறைய விஷயம் இல்லைங்க,” என்று தொடங்கினான். கதவு திறந்துகொண்டது. சக்கர நாற்காலியோடு நாலு பேர் நுழைந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தாள். பார்க்க வேண்டும் போல இருந்ததுதான் கொடுமை.

ஞாயிறு காலை, சங்கத்தின் பயிற்சிக் கூடத்தில் சோதனை. தகரக் கூரையில் மழை. சோதிக்க வந்திருந்தது அவன்தான். விதிப்படி சோதிப்பவர் செயற்கைச் சுவரில் ஏற, அவள் கயிறு பிடிக்க வேண்டும். இருவரும் ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்த்தார்கள். அவள் இழுத்துப் பார்த்த இழுப்பில் அவன் ஓரடி முன்னால் வந்தான்.

“கோவமா?”

“முடிச்சைப் பாக்குறேன்.”

அவன் ஏறினான். உச்சியைத் தொட்டான். வழக்கமாகப் பின்னால் சாய்ந்து ‘இறக்கு’ என்பார்கள். அவன் சாய்ந்தான். சொல்லவில்லை.

“தரையில நின்னு சொல்ல ரெண்டு வாரமா முயற்சி பண்ணேன். வரலை. இங்கேன்னா… கேட்டதும் உங்களுக்கு விட்டுடத் தோணலாம். தோணினா விட்டுடுங்க.”

அவள் கயிற்றை இறுக்கினாள்.

அன்று ‘மாட்டிட்டேன், விடுங்க’ என்று சொன்னபோது அவன் கொக்கியை மாட்டியிருந்தது தவறான இடத்தில். இடுப்புப் பட்டையில், சாமான் தொங்கவிடத் தைத்திருக்கும் மெல்லிய வளையத்தில். மழையில் தடவிப் பார்த்து, வளையம்தானே என்று மாட்டிவிட்டான். ஒரு ஆளின் கனத்துக்கு அது அறுந்துவிடும். வாலுவை எழுப்பக் கீழே இறங்கியபோதுதான் அதைப் பார்த்து, சரியான இடத்தில் மாற்றி மாட்டினான். அவன் முதல் தடவை சொன்னபோதே அவள் விட்டிருந்தால்…

அவளுக்குக் கோபம் குபுகுபுவென்று வந்தது. இந்த ஆளால்தானே வீட்டில் தலைகுனிந்து சாப்பிட்டேன்… ஆனால் கை மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கயிற்றை இன்னும் கெட்டியாகப் பிடித்திருந்தது.

“பன்னெண்டு வருஷமா தப்பே பண்ணாதவன்னு பேரு. அதைக் காப்பாத்திக்க உங்க பேரைக் கெடுத்துட்டேன். இன்னிக்குக் காலைல புது அறிக்கை குடுத்துட்டேன், உங்க சங்கத்துக்கும் எங்க குழுவுக்கும். மூணு மாசம் என்னைப் பாறையில இறங்க விடமாட்டாங்க. அது சரிதான்.”

“புதுசுல என்ன எழுதினீங்க?”

“அந்தப் பதினொரு நிமிஷம்தான் அவங்க உயிர்னு.”

மழைச் சத்தம் கூடியது. கூடத்தின் மறுகோடியில் நின்ற செயலாளர், கையிலிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் நிமிர்ந்து நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு முதுகு நேரானது.

அவனை இறக்கத் தொடங்கினாள், அவசரமே இல்லாமல். பாதியில் நிறுத்தினாள்.

“இதுக்காக மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?”

“ஒரு தடவை இதுக்கு.” அவன் காற்றில் மெல்லச் சுழன்றான். “மிச்சம் ரெண்டும்… நீங்க வருவீங்களான்னு பாக்க. யார் மிரட்டினாலும் விடாத ஒரு கையை வாழ்க்கையில ஒரு தடவைதான் பாத்திருக்கேன். அதை எனக்குக் கேக்கலாமான்னு… தெரியலை.”

அவள் மீண்டும் இறக்கினாள். அவன் பாதம் தரையைத் தொட்டது. ஒரு முழத் தொலைவில் அந்தக் கண்கள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே அறுபத்து நாலு மில்லிமீட்டர் இருக்கும் என்று மனம் சொன்னது. இந்த முறை அவள் அதைத் திட்டவில்லை.

பதில் வரவில்லை என்று நினைத்திருப்பான். பார்வையைத் தாழ்த்தி, வழக்கப்படி சொன்னான்.

“பத்திரம். விடுங்க.”

கயிறு அவள் கையில் இருந்தது. சொல்ல வேண்டிய பதில் அவளுக்குத் தெரியும். ஏழு வருடமாக ஒருநாளும் தவறாமல் சொன்ன பதில்.

“மாட்டேன்,” என்றாள் மெதுவாக.