செனைட் எழுதிய ராஜினாமா

தான் எழுதாத ராஜினாமாக் கடிதத்தின் நகலோடு மெர்சி வந்து நின்றபோது, கும்மிடிப்பூண்டி வக்கீல் திலகவதி இரண்டாவது இட்லியில் இருந்தாள். மெர்சி தேர்வாய் கண்டிகையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நான்கு வருடமாக மெஷின் ஆபரேட்டர். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். ஜூலை நாலாம் தேதி அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஜூன் மூணாந்தேதியே எழுதிக் குடுத்துட்டேனாம் மேடம். கையெழுத்து என்னுதுதான். வேலைக்குச் சேர்றப்போ எல்லார் கிட்டயும் அஞ்சு வெத்துப் பேப்பர்ல வாங்கிக்கினாங்க."

மெஷினின் பாதுகாப்புக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்று மே மாதம் புகார் கொடுத்தவள் அவள். அதற்கான கூலி இது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. இன்றிலிருந்து ஒரு 'செனைட்' கழித்து, ஜூலை மூன்றாம் தேதி விலகுகிறேன் என்றது. இப்படி ஒரு வார்த்தையை மெர்சி எழுதியிருக்கவே முடியாது, கேஸ் முடிந்தது என்று குமாஸ்தா குணா துள்ளினான். முடியவில்லை. மனிதவள மேலாளர் பரசுராமன் தினமும் காலையில் கேன்டீன் பலகையில் ஒரு பழைய ஆங்கில வார்த்தையை அர்த்தத்தோடும் பிறந்த கதையோடும் எழுதுவாராம். மெர்சி ஒன்று விடாமல் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். செனைட்டும் அதில் இருந்தது: 'ஒரு மாதம். செனைட் பிரபு மாதம் ஒருமுறை வரி வசூலித்ததால் வந்த பெயர்.'

குணாவின் முகம் தொங்கிப்போனது. திலகவதி படத்தின் தேதியைப் பார்த்தாள், பிறகு அகராதியைப் பார்த்தாள், மிச்ச இட்லியை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் முதலாளியின் அறையில், ஆங்கிலம் தன் மாமனார் வீட்டுச் சீதனம் என்பதுபோல உட்கார்ந்திருந்தார் பரசுராமன். அரைகுறைப் படிப்பும் முழு அகந்தையும் சேர்ந்த அந்த முகத்தைத் திலகவதி நேராகப் பார்த்தாள். இந்த வார்த்தை மெர்சிக்கு எப்படித் தெரியும் என்று பணிவாகக் கேட்டாள்.

"என் போர்டைப் பாத்துதான். வேற எங்க கத்துக்கும் இந்தப் பொண்ணு?"

குணா படத்தை நீட்டினான். ஜூன் பன்னிரண்டு. கடிதத்துக்கு ஒன்பது நாள் பிந்தியது.

பரசுராமன் படத்தைத் திருப்பி நீட்டினார். "அப்போ டிக்‌ஷனரியில பாத்திருக்கும்."

"பாத்திருந்தா ஒரு வாரம்னு தெரிஞ்சு, ஜூன் பத்துன்னு எழுதியிருக்கும் சார்," என்றாள் திலகவதி. "அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் நாளுக்குப் பதிலா ராத்திரியை எண்ணுனான். ஏழு ராத்திரி, செவன் நைட், சேந்ததுதான் செனைட். பிரபுவும் இல்ல, வரியும் இல்ல, அது நீங்க விட்ட கதை. ஜூன் மூணாந்தேதி இந்தத் தப்பு ஒரே ஒரு தலையிலதான் இருந்துது. லெட்டரும் அங்கேருந்துதான் வந்துது."

முதலாளி பரசுராமனிடமிருந்து அசல் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். மெர்சியை வேலைக்குப் போகச் சொன்னார். அவள் நகரவில்லை.

"மீதி நாலு பேப்பரையும் குடுங்க சார்."

பரசுராமன் அலமாரியைத் திறக்க எழுந்தார். கதவுக்கு வெளியே காலை ஷிப்டு மொத்தமும், ஆளுக்கு ஐந்து கேட்டு, வரிசையில் நின்றது.