உருட்டிப் போடச் சொன்னார்கள்

மாலைச் சங்கு ஊதியதும் நாங்கள் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. வாசலுக்கு உள்பக்கம் நீளமாகச் சிமெண்டுப் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மனசு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வாசலைத் தாண்டியதும் பிடரியில் பதித்திருக்கும் சினமானி விழித்துக்கொள்ளும். கோபத்தோடு தாண்டினால் அது கூவும். கூவினால் அமைதி வாரியத்து ஆள் வந்து நிற்பான். அதனால் சூப்பர்வைசரை உள்ளேயே நாலு கெட்ட வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போவோம்.

கடல் விழுங்கிய ஊர்களின் வீடுகளை இழுத்து வந்து, உடைத்து, கம்பி எடுக்கிற யார்டு இது. தூத்துக்குடிக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டி இருக்கிறது. நான் மாசானம், கிரேன் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயர்.

நகரங்களில் கிரிக்கெட் செத்து இரண்டு தலைமுறை ஆகிறது. யாரும் தடை போடவில்லை. பந்தை வேகமாகப் போட்டால் சினமானி கூவியது. கூவக் கூவ ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் தேரியில் மட்டும் மிச்சம் இருந்தது. எங்களுக்குப் பதித்தவை மலிவுச் சினமானிகள், பாதி நேரம் தூங்கும்.

அந்த ஞாயிறு தூங்கவில்லை. பிரகாசி போட்ட பந்து எகிறித் தொம்மையின் விலாவில் இறங்கியது. பிரகாசி சம்மட்டி அடிக்கிறவள். பெண் என்று இரக்கப்பட்டு யாரும் அவளுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை, அவளை எதிரணியில் விடப் பயந்துதான் கொடுத்தார்கள். தொம்மை அவளுடைய வேலைக் கூட்டத்தில் கேஸ் தீயால் கம்பி அறுக்கிறவர். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், அவள் பிடரி கூவியது. கோபத்தில் அடித்த கைக்குத் தணிப்பு வளையம் மாட்டுவது சட்டம். தோளுக்குக் கீழே மாட்டினால் கை மெதுவாகத்தான் அசையும். ஆயுசுக்கும் கழற்ற முடியாது.

விசாரணைக்கு வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைவி நிரஞ்சனா, கூட ஓர் அதிகாரி. இருவரும் கிரிக்கெட் என்ற சொல்லையே முதல் தடவையாகக் கேட்கிறவர்கள். விளக்குவதற்கு என்னை அழைத்தார்கள். ஆட்டம் புரிந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் போனேன்.

"அவர்மேல் எதற்காக எறிந்தாள்?" என்று கேட்டார் நிரஞ்சனா. குரலில் ஒரு துளி சூடு இல்லை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்காது.

"எறியலம்மா, போட்டா. முழங்கைய மடக்கி விட்டாத்தான் எறி. அப்பிடிச் செஞ்சிருந்தா நானே நோ பால் குடுத்திருப்பேன்."

"முழங்கை மடங்காமல் பட்டால் வலிக்காதா?"

"வலிக்கும்."

அதிகாரி குறுக்கிட்டார். "பதினொரு பேர் ஒருவரைச் சுற்றி நின்றிருக்கிறீர்கள்."

"ஒருத்தர் இல்ல சார், ரெண்டு பேரு. அந்த முனையில இன்னொருத்தரு நிப்பாரு."

"அவர் காப்பாற்ற வரமாட்டாரா?" என்றார் நிரஞ்சனா.

"ஓடி வருவாரும்மா. இவரு நிக்கிற எடத்துக்கு அவரு வருவாரு, அவரு எடத்துக்கு இவரு போவாரு."

"பிறகு?"

"திரும்பவும் ஓடுவாவ."

"பழைய இடத்துக்கே?"

"ஆமா."

"அப்படியானால் ஓடாமலே இருந்திருக்கலாம்" என்றார் அதிகாரி. கேலி செய்யவில்லை. அந்த ஆளுக்கு நிஜமாகவே வருத்தம்.

ஒரு மரக்கட்டையால் மூன்று குச்சிகளை ஒருவன் ஏன் காக்க வேண்டும், ஆட்டம் இழந்தவன் ஏன் காவலர் இல்லாமல் தானே வெளியே நடக்கிறான், நான் ஒரு விரலைத் தூக்கினால் இருபத்திரண்டு பேர் ஏன் கட்டுப்படுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நான் சொல்லச் சொல்ல அது அடிதடியாகவே அவர்கள் காதில் விழுந்தது.

தொம்மை பொறுக்காமல் எழுந்தார். "அடி வாங்குனவன் நான். எனக்கு ஒரு வழக்கும் கெடையாது. அடுத்த பந்தும் அதே ஒயரத்துல வரும், தூக்கிப் பனைக்கு அந்தால அடிச்சிரலாம்னு நின்னேன். ஒங்க ஆளு வந்து ஆட்டத்தக் கெடுத்துட்டான்."

"அடித்தவளைக் காப்பாற்ற நினைப்பது அடிபட்டவர்களிடம் சகஜம்தான். உட்காருங்கள்" என்றார் நிரஞ்சனா.

"அய்யய்யே, இவளக் காப்பாத்தவா? ஒரு ஓவர்ல மூணு தடவ என்னக் கெழவன்னு ஏசுனவ இவ!"

பிரகாசி சிரித்துவிட்டாள். சிரிக்காதே என்று கண்ணைக் காட்டினேன். கோபமே வரவில்லை, வெறும் விளையாட்டு என்று மட்டும் சொல், கருவி பழசு என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்று காலையிலேயே அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"அந்தப் பந்தைப் போடும்போது கோபம் இருந்ததா, பிரகாசி?" என்று கேட்டார் நிரஞ்சனா.

"இருந்துச்சு."

"ஏட்டி!" என்றேன்.

"சும்மா இரிங்க அண்ணாச்சி. கோவம் இல்லாம அந்த வேகம் வருமா? நான் போட்ட பந்துக்கு நானே இல்லன்னு சொல்லணுமாக்கும்."

"தொம்மையின் மேலா கோபம்?"

"மாமா மேல எதுக்கு? முந்துன பந்த நாலுக்கு அடிச்சாரு, அதுக்குக் கொஞ்சம். மிச்சமெல்லாம் வாரம் பூரா உள்ள சேந்தது. ஒங்க வாசல்ல தொடச்சிட்டுப் போகச் சொல்லுதிய. தொடச்சா போயிருமா? நான் அத ஒரு பந்துல வச்சுப் போடுதேன். மாமா கட்டைய வச்சுத் தடுக்காரு. முடிஞ்சா அடிக்காரு. சாயந்தரம் ஒண்ணாத்தான் டீ குடிக்கோம். இதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

வாரியத்து ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

வலது கைக்கு வளையம். ஆட்டத்துக்குத் தடை இல்லை என்று பெருந்தன்மையாக வேறு சொன்னார் நிரஞ்சனா. "ஆனால் இனி எல்லோரும் பந்தைத் தரையில் உருட்டிப் போடுங்கள். அப்போது உங்கள் விளையாட்டை ஊர்க்காரர்களும் வந்து ரசிக்கலாம்."

"இவ கையக் கட்டிட்டா சம்மட்டிய யாரும்மா தூக்குவா? அவ பொழப்பு?" என்று கேட்டேன்.

அதற்கு அதிகாரி ஆறுதலாகப் பதில் சொன்னார். "கவலை வேண்டாம். வேலை நேரத்தில் வளையம் தளர்ந்துவிடும். யார்டுக்குள் சினமானியும் அணைந்துதானே இருக்கிறது? கோபம் இருக்கும்போது கான்கிரீட் வேகமாக உடைகிறது. சோதித்துப் பார்த்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்."

இதை அவர் மறைக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. இத்தனை வருஷம் யார்டுக்குள் சினமானிக்குக் கரண்டு வராது, அதனால் அணைந்திருக்கிறது என்று நினைத்திருந்தோம். எங்கள் கோபம் அவர்களுக்கு வேண்டும். அவர்களுடைய கல்லில் இறங்கும்வரை அது உழைப்பு, எங்கள் மணலில் இறங்கினால் குற்றம்.

வளையம் மாட்டிய அன்று மாலை, பெஞ்சில் பிரகாசி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொசு உட்கார்ந்தது. அவள் கை தண்ணீருக்குள் அசைகிற மாதிரி எழும்பி வருவதற்குள் அது குடித்துவிட்டுப் பறந்துவிட்டது. கை பிறகு வந்து சேர்ந்து கன்னத்தைத் தடவியது. அவள் அழவில்லை. நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேரிக்கு யாரும் போகவில்லை.

திங்கட்கிழமை, வெயில் ஏறிய நேரம். நான் கிரேன் மேலே இருந்தேன். கீழே சம்மட்டிகள் விழும் சத்தத்தில் ஒன்று குறைந்தது. எட்டிப் பார்த்தேன். பிரகாசி சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, வலது கையைத் தோளிலிருந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். வளையம் தளர்ந்திருந்தது. கை விசிறி மாதிரி வந்தது. இன்னொரு முறை சுற்றினாள். பிறகு மடியிலிருந்து பந்தை எடுத்தாள்.

"மாமா" என்று கூப்பிட்டாள்.

தொம்மை கேஸை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். உடைந்த ஜன்னல் சட்டத்திலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கினார். மூன்று கம்பிகளை யாரோ மண்ணில் குத்தினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சம்மட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் ஸ்லிப்புக்கும், கவருக்கும், லாரி நிற்கிற எல்லைக்கும் நடந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த சுவரைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டு நானும் ஏணியில் இறங்கி, அம்பயர் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். அந்த யார்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். எனக்குப் பின்னால், பிரகாசி ஓடிவரப் போகிற பாதைக்கு நேராக நின்றுகொண்டு கத்தினான். "என்னய்யா இது? வேலை நேரத்துல என்ன செய்யுறீங்க? எனக்கு விளக்கிச் சொல்லுங்க!"

வாரியத்துக்கு விளக்கியது போதும். பந்து போடுகிறவளின் கைக்குப் பின்னால் ஆள் நின்றால் அடிக்கிறவருக்குப் பந்து தெரியாது. நான் திரும்பி, அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையை ஆட்டினேன். அவன் நகரும்வரை ஆட்டினேன்.

பிரகாசி ஓடிவரத் தொடங்கினாள்.