மலை ஓட்டலில் நின்ற வரிசை

வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய ஓட்டல் அது. நானும் என் மனைவி பியாட்ரிஸும் அங்கே போய் இறங்கியபோது காலை ஒன்பது மணி. ரெங்கம் என்ற ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து, கரியில் ஓடும் லாரியில் மூன்று மணி நேரம் குலுங்கி வந்திருந்தோம். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து இரண்டாவது வருடம். தோட்டத்துச் சனம் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலத்தில், நான் கஞ்சி போட்ட சட்டையில் போனேன். அந்த அளவுக்கு எனக்கு வெட்கம் விட்டுப்போயிருந்தது.

என் பெயர் கிரகோரி. தோட்டத்து டிரஸ்ஸர். மருந்து கொடுப்பேன், புண்ணுக்குக் கட்டுப்போடுவேன். டாக்டர் இல்லாத இடத்தில் நான்தான் டாக்டர். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, வரிசையில் நின்றவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "நல்லா இருக்கே, போ" என்று லாரிப் பக்கம் கைகாட்டியவன் நான்தான். அந்தச் சேவைக்கு ஜப்பான் அதிகாரி கொடுத்த பரிசு, மலை ஓட்டலில் மனைவியோடு ஒரு நாள் ஓய்வு.

அந்த வரிசையில் கடைசியாக நின்றவன் ரபேல், பியாட்ரிஸின் தம்பி. "அத்தான், காய்ச்சலா இருக்கு" என்றான். தொட்டேன், அவன் கை கொதித்தது. ஓர் ஆள் குறைந்தாலும் நீயே லாரியில் ஏறு என்று அன்று காலையில்தான் அதிகாரி என்னிடம் சொல்லியிருந்தான். ரபேலுக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து, ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பியாட்ரிஸிடம் அழுதேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறே இல்லாத காலத்தில் நான் மரவள்ளிக்கிழங்கில் மறைத்து வைத்திருந்தேன். ஐந்து மாதமாக அவள் தம்பிக்காக ஜெபமாலை உருட்டினாள். பக்கத்தில் முழந்தாளிட்டு நானும் உருட்டினேன்.

ஓட்டலைப் பார்த்துக்கொண்ட ஐயாசாமி என்ற பெரியவர் வாசலுக்கு வந்தார்.

"வாங்க டிரஸ்ஸர் ஐயா, வாங்கம்மா. இன்னிக்கு ஆபீசருங்க யாருமில்ல. பூரா ஓட்டலும் ஒங்களுக்குத்தான்."

வெந்நீரில் குளித்தோம். ஆளுயரக் கண்ணாடி வைத்த கூடத்தில் நடந்து பார்த்தோம். மதியம் வெள்ளைச் சோறும் கோழி சூப்பும் வந்தன. பியாட்ரிஸ் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு அங்க சோறு போடுவாங்களாங்க?"

"போடுவாங்க" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.

சாப்பிட்டதும் அவள் அறையில் படுத்துவிட்டாள். நான் அறை வாசலை ஒட்டி, வராந்தாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தேன். தட்டை எடுக்க வந்த ஐயாசாமி மலைச்சரிவைப் பார்த்தார்.

"மேகம் ஏறுது. உள்ள போயிருங்க ஐயா. வெளிய ஒக்காராதீங்க."

"ஏன்?"

"குளிரு ஐயா" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பட்டப்பகல் இரண்டு மணிக்கு மேகம் வராந்தாவுக்குள் ஏறியது. முதலில் தோட்டம் மறைந்தது, பிறகு படிகள், கடைசியில் என் கால்களே எனக்குத் தெரியவில்லை. ஓட்டலில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. அப்புறம் ஒரு வாடை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிய அழுகிய புண்ணின் வாடை.

யாரோ இருமினார்கள்.

ஈரப் பாதங்கள் நகரும் சத்தம். ஓர் அடி. நின்றது. இன்னும் ஓர் அடி. தினமும் காலையில் என் மருந்துக்கொட்டகை வாசலில் நோயாளிகள் வரிசையில் நகர்வார்களே, அதே நகர்வு.

என் கைக்குள் ஒரு மணிக்கட்டு வந்து விழுந்தது.

பதினைந்து வருடப் பழக்கம். விரல்கள் தாமாகவே நாடியைத் தேடின. நாடி இல்லை. வெறும் குளிர்.

"நல்லா இருக்கே, போ" என்றது என் வாய்.

கை தானாகப் பின்பக்கம் நீண்டது. பியாட்ரிஸ் தூங்கும் அறையைக் காட்டியது.

பாதங்கள் என்னைத் தாண்டி உள்ளே போயின.

அடுத்த மணிக்கட்டு. அடுத்தது. சிலவற்றில் தோல் இருந்தது, சிலவற்றில் எலும்பு மட்டும். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. ஒவ்வொருவரையும் தொட்டு, ஒவ்வொருவரையும் நல்லா இருக்கு என்று சொல்லி, என் மனைவியிடமே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு கை வந்தது.

"அத்தான்."

ரபேலின் குரல்.

"நல்லாப் பாருங்க அத்தான். காய்ச்சல் இருக்கா?"

உடைந்துபோய் அழுதேன். "இருக்கு ரபேல். அன்னிக்கும் இருந்துச்சு. தெரிஞ்சுதான் இல்லன்னு எழுதுனேன். நீ போக வேணாம்டா."

மேகத்துக்குள்ளிருந்து அவன் கேட்டான்.

"அப்ப யாரு போறது?"

நான் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. இரண்டாவது தடவையாகக் கிடைத்த சந்தர்ப்பம் அது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் காத்திருந்தான். பிறகு அவனும் உள்ளே போனான்.

மேகம் விலகிக் கால் தெரிந்ததும் எழுந்து ஓடினேன். அறையில் யாரும் இல்லை. பியாட்ரிஸ் மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கும் காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் சொன்னது அவ்வளவும் அவள் காதில் விழுந்திருக்கிறது. புதிதாக ஒரு பொய் தேடினேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் அழவில்லை, அடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "போலாம்" என்றாள்.

நாலு மணிக்கு லாரி புறப்பட்டது. பின்பக்கப் பலகையில் ஒரு கோடியில் அவள், அவளை ஒட்டி நான். மேகம் மலை மேலேயே நின்றுவிட்டது. வெயில் நன்றாக அடித்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் மூச்சுவிட்டபோது, பியாட்ரிஸ் திரும்பாமலே சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. அவன் ஒக்காரட்டும்."

தள்ளி உட்கார்ந்தேன்.

எங்களுக்கு நடுவில் பலகை அழுந்தியது.

என் தோளில் ஒரு தலை சாய்ந்தது. காதோரம் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. சட்டையைத் தாண்டிச் சூடு என் தோலைச் சுட்டது. மலையில் நான் தொட்ட குளிர் இல்லை அது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, நூற்று நான்குக்குக் குறையாது.

தோட்டம் வந்தது. அவள் இறங்கி, என்னைப் பார்க்காமல் நடந்து போனாள். தோளில் சாய்ந்த தலை எழவில்லை.

அந்தக் காய்ச்சல் இன்றுவரை இறங்கவில்லை.