பத்து விநாடி

காலை ஏழரைக்கு ‘நெய்தல்’ கப்பலின் இறங்குபாலத்தில் வரிசை நின்றது. ஒவ்வொருவரும் இடது காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்தார்கள். கரைநடத்துநர் ஹமீதா குனிந்து கணுக்காலில் பட்டையை மாட்டிப் பூட்டினாள். இருபத்திரண்டு பேர், நான்கு மணி நேரம். கரையில் இறங்கும் முறை ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் எல்லோரும் இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்தியிருந்தார்கள்.

அமலோற்பவம் மட்டும் வேலைக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள். கப்பலின் நன்னீர் ஆலையில் வடிகட்டி கழுவுகிறவள், வயது நாற்பத்தொன்பது. அவள் கையில் மடித்த தாள் ஒன்று வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. அவள் கேட்டிருந்த தனிநடை விசா மறுக்கப்பட்டது என்று அன்று காலைதான் தகவல் வந்திருந்தது.

கடல் ஏறிக் கரையூர்கள் முழுகியபோது, ஆளில்லாமல் நின்ற உல்லாசக் கப்பல்களில் சனங்களைத் தற்காலிகமாக ஏற்றினார்கள். அறுபத்துமூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அமலோற்பவம் கப்பலிலேயே பிறந்தவள். அவள் அடையாள அட்டையில் இன்றைக்கும் ‘சுற்றுலாப் பயணி’ என்றுதான் போட்டிருக்கிறது. விடுமுறைக்காரர்கள் காலத்துச் சட்டத்தை யாரும் மாற்றவில்லை. நடத்துநரோடு கூட்டமாக இறங்கினால் விசா வேண்டாம். தனியாகக் கரையைச் சுற்றுவதென்றால் விசா வேண்டும்.

நடத்துநர் கையில் ஒரு கோல் இருக்கும். அதைச் சுற்றி நாற்பதடிக்குத் தரையில் நீலக்கோடு விழும். அதற்குத் தளவட்டம் என்று பெயர். அதற்குள் நிற்பவர் எந்த ஊர் வீதியில் நின்றாலும் சட்டப்படி கப்பலின் தளத்தில்தான் நிற்கிறார். கோட்டைத் தாண்டிப் பத்து விநாடி ஆனால் கால்பட்டை அணைந்துவிடும்; கப்பல் பதிவேட்டில் பெயர் அழிந்துவிடும். அதன்பின் கப்பல் அவரை ஏற்றாது. கரையும் குடிமகனாக ஏற்காது. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் வெளியாள் முகாமில் காலத்தைத் தள்ளவேண்டியதுதான்.

அவள் கணவர் கஸ்பார் பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டநடையில் இறங்கினார். திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போன மாதம்தான் கரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் செய்தி அனுப்பியிருந்தாள்: நுரையீரல் போய்விட்டது, உங்கள் பெயரைச் சொல்கிறார். விசாப் படிவத்தில் யாரைப் பார்க்க என்று கேட்டிருந்த இடத்தில் அமலோற்பவம் ‘கணவரை’ என்று எழுதினாள். பதிவேட்டின்படி உங்களுக்குக் கணவர் இல்லை என்று பதில் வந்தது.

பாலத்தின் அடியில் ஹமீதா அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

“அக்கா, ஒரே ஒரு வழிதான் இருக்கு. எல்லாரும் கைநாட்டு வச்சா நடையோட பாதைய மாத்தலாம். அந்தக் காலத்துல கோயில் வேண்டாம், கடைக்குப் போவோம்னு பயணிக கேப்பாங்களாம், அதுக்கு வச்ச விதி. ஆனா ஒருத்தர் மாட்டேன்னாலும் நடக்காது. நாலு மணி நேரமும் ஆஸ்பத்திரியிலயே போயிரும்.”

அமலோற்பவம் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். சிலர் உடனே ஹமீதாவின் கைநாட்டுத் தகட்டில் விரலை வைத்தார்கள். சிலர் மனைவியின் முகத்தையோ கணவன் முகத்தையோ பார்த்துவிட்டு வைத்தார்கள். கடைசியில் மிஞ்சியவர் தளவாய், கப்பல் பள்ளிக்கூடத்து ஆசிரியர். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“என்னால முடியாதும்மா,” என்றார். “நான் பிள்ளைகளுக்கு மரம் செடி பாடம் எடுக்கேன். பதினாலு வருஷமாச்சு. ஒரு மரத்தக்கூட இதுவரைக்கும் தொட்டதில்ல. போன முறை காய்ச்சல்னு இறக்கல. இன்னைக்குப் பாதையில தோப்பு இருக்கு. இத விட்டா இன்னும் ஆறு வருஷம்.”

“சரி சார். நீங்க சொல்லுறது நியாயந்தான்,” என்றாள் அமலோற்பவம். தன் இடத்துக்கு வந்து நின்றுகொண்டாள்.

ஹமீதா கோலைத் தூக்கினாள். நீலக்கோடு சிமெண்டுத் தரையில் விழுந்தது. கூட்டம் துறைமுக வாசல்வரை நடந்தது. வாசலில் தளவாய் நின்றுவிட்டார்.

“ஆஸ்பத்திரியில எந்த மாடி?”

“மூணாவது மாடி, சார்.”

அவர் ஹமீதாவிடம் போய்த் தகட்டில் விரலை அழுத்தினார். “யாரும் என்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க,” என்றார்.

கப்பலுக்கு மேல்தளமும் கீழ்த்தளமும் உண்டு. ஆகவே தளவட்டமும் மேலும் கீழும் நீளும் என்பது விதி. இருபத்தொரு பேரும் ஹமீதாவும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நின்றார்கள். அமலோற்பவம் மட்டும் படியேறினாள். மேலே வராந்தாவில் அவள் நடக்க நடக்க, கீழே கூட்டம் சுவரை ஒட்டி அதே திசையில் நகர்ந்தது. கால்பட்டை நீலமாக இருந்தால் அவள் உள்ளே இருக்கிறாள். மஞ்சளானால் விளிம்பில் இருக்கிறாள்.

கஸ்பாரின் கட்டில் வார்டின் கடைசியில் இருந்தது. அதற்கு நேர் கீழே பூட்டிய ஜெனரேட்டர் அறை; கூட்டம் அதன் வெளிச்சுவரோடு நிற்கவேண்டியிருந்தது. ஹமீதா கோலைச் சுவரோடு அழுத்திப் பிடித்தும் தலைமாட்டில்தான் நீலம் எரிந்தது. கால்மாட்டுப் பக்கம் ஓர் அடி வைத்ததும் மஞ்சளாகிவிட்டது. அவள் தலைமாட்டிலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் வற்றிப்போயிருந்தார். கண்ணைத் திறந்து வெகுநேரம் அவளையே பார்த்தார்.

“விசா கொடுத்துட்டானா?”

“இல்ல. கூட்டத்தோட வந்தேன். எல்லாரும் கீழ நிக்காங்க.”

“எல்லாருமா?” அவர் சிரிக்கப் பார்த்து இருமினார்.

அவள் தண்ணீர் புகட்டினாள். முகத்தைத் துடைத்தாள். கப்பலில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இறந்தார்கள் என்று சொன்னாள். பதினோரு ஆண்டுகளாக வடிகட்டி கழுவும்போதெல்லாம் அவள் மனதில் ஓடிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்கக்கூடாது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தாள். அவராகவே ஆரம்பித்தார்.

“செருப்பு வாரு அந்துபோச்சு, அமலு. குனிஞ்சு கட்டுனேன். நிமிந்து பாத்தா கோடு தள்ளிப் போயிருச்சு. பத்தடிதான் இருக்கும்.” மூச்சு வாங்கினார். “பட்டை எண்ண ஆரம்பிச்சிருச்சு. ஓடியிருந்தா பிடிச்சிருக்கலாம். நான் ஓடல.”

“ஏன்?”

“காலுக்கு அடியில ஆடாம இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு விநாடி, இன்னும் ஒரு விநாடின்னு நின்னேன். உன் நெனப்பு வந்தப்ப பட்டை அணைஞ்சுபோச்சு.”

அவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை. கோபம் வந்தது. அது நியாயமான கோபம் என்றும் தெரிந்தது. கோபத்தோடேயே அவருடைய நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே மதிலுக்கு அப்பால் ஒரு மரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அது என்ன மரம் என்று அவளுக்குத் தெரியாது.

பட்டை மூன்று முறை அதிர்ந்தது. நேரம் முடிந்துவிட்டது. அவள் எழவில்லை. இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோதான் என்று நர்ஸ் வாசலிலேயே சொல்லியிருந்தாள். இருந்துவிட்டால் என்ன? கப்பலில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தான் அவளுக்காகக் காத்திருந்தன. முகாமிலும் மனிதர்கள் வாழத்தான் செய்கிறார்கள்.

கால்பட்டை மஞ்சளாயிற்று. கீழே ஹமீதா நகரத் தொடங்கிவிட்டாள். கப்பலேறும் வேளை தவறினால் மொத்தக் கூட்டமும் வெளியில் நின்றுவிடும். மஞ்சள் சிவப்பாகி, பட்டை எண்ணத் தொடங்கியது. ஒன்று. இரண்டு.

தரை ஆடவில்லை. அவளும் அப்போதுதான் அதைக் கவனித்தாள். நான்கு. ஐந்து.

கஸ்பார் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்தார். அந்த உடம்பில் அவ்வளவு வலு எங்கே இருந்ததோ.

“ஓடு, அமலு.”

அவள் ஓடினாள். வார்டின் நடுவே, இருபுறமும் கட்டில்களில் நோயாளிகள் தலையைத் தூக்கிப் பார்க்க, செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். வராந்தா முனையில் பட்டை நீலமானது.

கீழே இறங்கி வந்தபோது கூட்டம் படிக்கட்டருகே நெருக்கியடித்து நின்றது. தளவாயின் வெள்ளைச் சட்டை ஜெனரேட்டர் புகையில் தோள்வரை கறுத்திருந்தது. மூன்று மணி நேரம் அந்தச் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

“அடையாளம் கண்டுகிட்டாரா?” என்று கேட்டார்.

“கண்டுகிட்டாங்க, சார்.”

வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. தளவாய் அவள் வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளிவைத்தார். அவள் அதில் கால்களை நுழைத்துக்கொண்டாள். ஹமீதா ஒரு முறை தலைகளை எண்ணினாள். இருபத்திரண்டும் சரியாக இருந்தது. நீலக்கோடு துறைமுகத்தைப் பார்த்து நகர்ந்தது. அமலோற்பவம் கூட்டத்தின் நடுவில், இரண்டு பக்கத்துத் தோள்களும் தன்மேல் உரசிக்கொண்டிருக்க, அழுதுகொண்டே நடந்தாள்.