கணுவைப் பார்த்த கோமதி

எழுபத்தொன்பதாம் வருஷம், கண்ணுகளா. ஏழாம் வகுப்பு துரைப்பாண்டி செய்தது ஒரே ஒரு காரியம்தான். அறிவியல் கண்காட்சி அறையில் ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டான்.

ஷரீபா பீவி டீச்சர் சிவகிரி மலையில் ஏறி இறங்கிச் சேர்த்த ஆறு ஆர்க்கிட் செடிகள், காய்ந்து ஆறு தாள்களில் ஒட்டியிருந்தன. பெயர்ச் சீட்டுகளை மட்டும் மேலே சும்மா வைத்துவிட்டு, டீச்சர் பசை வாங்கப் போயிருந்தார். அத்தனை சீட்டும் பறந்து தரையில் கிடந்தன.

“ஏட்டி கோமதி, பத்து மணிக்குக் கல்வி ஆபீசர் வாராரு. டீச்சர் என்னைக் கண்காட்சியிலயே சேக்க மாட்டாங்க,” என்றான், அழாத குறையாக.

கூடப் படிக்கும் கோமதித்தாய் சீட்டுகளைப் பொறுக்கினாள். நான்கில் ‘வாண்டா’, இரண்டில் ‘டென்ட்ரோபியம்’ என்று ஆர்க்கிட் வகைகளின் பெயர்.

“மஞ்சப் பூ வாண்டா, வெள்ளப் பூ மத்தது. பாத்து வையி,” என்றான் துரைப்பாண்டி.

“எல்லாம் காஞ்சு பழுப்பாக் கிடக்குலே. நிறத்தை எங்கன போய்த் தேட?”

கோமதியின் அம்மாவுக்குச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கடை. மல்லி, முல்லை, பிச்சி மூன்றுமே வெள்ளை. ஆனாலும் கோமதி ஒருநாளும் மாற்றிக் கட்டியதில்லை. மொட்டின் பருமனையும் காம்பின் நீளத்தையும் பார்ப்பாள், அவ்வளவுதான்.

“டென்ட்ரோபியம் தண்டு கரும்பு மாதிரி கணுக்கணுவாப் புடைச்சிருக்கும்னு டீச்சர் சொன்னாங்கள்லா? வாண்டாவுக்குத் தண்டுலேர்ந்தே தடிச்ச வேர் தொங்கும். வா, பாப்போம்.”

மூன்று தாள்களில் கயிறு கயிறாக வேர். மூன்றில் கணு.

துரைப்பாண்டி எண்ணினான். “சீட்டு நாலும் ரெண்டும்லா இருக்கு? நீ தப்பாப் பிரிச்சிட்டே. பேசாம ஒண்ணுல வாண்டாவ வச்சிரு. யாருக்குத் தெரியப் போவுது?”

கோமதி மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். விரலால் தடவினாள்.

“மூணுலயும் கணு இருக்குலே. இல்லாத பேரை நான் வைக்க மாட்டேன்.”

மிச்சச் சீட்டு கையில் இருக்கும்போதே டீச்சர் வந்துவிட்டார்.

“நான்தான் ஃபேன் போட்டேன், டீச்சர்,” என்றான் துரைப்பாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டே.

“இந்தத் தாளுக்குப் பேரு இல்ல டீச்சர். வாண்டா ஒத்து வரல,” என்றாள் கோமதி.

டீச்சர் லென்ஸை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“மழையில நனைஞ்சுக்கிட்டே, மஞ்சப் பூவப் பாத்ததும் வாண்டான்னு எழுதிட்டேன். தண்டைப் பாக்கவே இல்ல. தப்பு என்னுது, மக்கா.”

புதுச் சீட்டில் நிதானமாக எழுதினார்: ‘டென்ட்ரோபியம். இனம் கண்டவர்: ம. கோமதித்தாய், ஏழாம் வகுப்பு.’ துரைப்பாண்டிதான் அதைப் பசை தடவி ஒட்டினான்.

பத்து மணிக்கு வந்த ஆபீசர் அந்தத் தாளின் முன்னால் நின்று, கடைசி எழுத்துவரை உரக்க வாசித்தார்.

“அவரு வாசிக்கையில நீ ரெண்டு அங்குலம் வளந்துட்டேட்டி,” என்று வீடு போய்ச் சேரும்வரை சாதித்தான் துரைப்பாண்டி. கோமதியும் மறுக்கவில்லை.