ஈரக் காசு

கத்தி முதலில் உள்ளே வந்தது. ஆள் அப்புறம்தான் வந்தான்.

"கதவைச் சாத்து, பெரியவரே!"

தங்கம், வெள்ளி உருக்கித் தரும் பட்டறைக்காரர் சாத்தினார். அறுபத்தெட்டு வயதில் கத்தியோடு வாதாடுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார்.

சொட்டச் சொட்ட நனைந்த துணிப்பை ஒன்று மேஜையில் விழுந்தது. உள்ளே... பழைய வெள்ளிக் காசுகள்! நடுவே ஒரே ஒரு தங்கக் காசு.

அவர் தங்கக் காசைக் கையில் எடுத்தார்.

"இது... என் மச்சான் கடைக் காசாச்சே!"

"ஓ, உன் மச்சானா அவன்? பழைய காசு விக்கிறவனுக்கு இவ்வளவு கெட்டி மண்டையா! கம்பியால ஏழு அடி போட்டேன். காசெல்லாம் ரத்தம். சோப்புப் போட்டு, நார் வெச்சுத் தேய்ச்சுக் கழுவறதுக்குள்ள கை கழண்டுடுச்சு."

மனைவியின் ஒரே தம்பி! பட்டறைக்காரர் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தேய்ச்சீங்களா? இந்தத் தங்கக் காசு எடைக்கு முப்பது மடங்கு போகும், தம்பி. தேய்ச்சதைச் சேகரிக்கிறவங்க தொடவே மாட்டாங்களே!"

"எடைக்கே போகட்டும். காசைக் கொண்டுபோனா எங்கே கிடைச்சதுன்னு கேப்பான். உருக்கின கட்டி பேசாது. நீயும் பேசக்கூடாது. அதான் வேலை முடிஞ்சதும் உனக்கும் ஒரு ஏழு வெச்சிருக்கேன்!"

அதற்கு முன்பணம் போல... ஒரே வீச்சு!

பட்டறைக்காரரின் இடது காது நுனி மேஜையில் விழுந்தது.

அலறினார். அலறி முடித்ததும் அடுப்பை மூட்டினார்.

தங்கத்தைத் தனியாக உருக்கவேண்டும் என்று ஓரமாக வைத்தார். பதினைந்து வெள்ளிக் காசுகளைத் துடைத்து, அடுப்போரம் காயவைத்து, மூசையில் போட்டார். அந்த மண்கிண்ணத்துக்குள் வெள்ளி இளகித் தளும்பியது. அவர் தோளில் ரத்தம் சொட்டியது.

"மீதியையும் போடு!"

"ஈரமா இருக்கு. காயட்டும்."

"நேரம் கடத்தறியா?"

"சத்தியமா இல்லப்பா. ஈரத்தோட போட்டா வெடிக்கும்!"

"போலீஸ் வர்றவரைக்கும் காயவைப்பே! என்னைக் கேணைன்னு நினைச்சியா? தள்ளு கிழவா!"

நாற்பது வருடத் தொழிலில் அவர் யாரிடமும் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை. தள்ளச் சொன்னவனுக்கு மரியாதை கொடுத்து, ஆறடி தள்ளி நின்றார்.

அவன் குனிந்து... ஈரப் பையை அப்படியே மூசைக்குள் திணித்தான்.

டமால்!

கொதிக்கிற வெள்ளி முகமெல்லாம்! கண்கள் இருந்த இடத்தில் புகை!

"ஆ...!"

குருட்டுத்தனமாகக் கத்தியைச் சுழற்றினான். காற்று வெட்டுப்பட்டது. காலண்டர் வெட்டுப்பட்டது.

பட்டறைக்காரர் நீண்ட இரும்பு இடுக்கியைத் தூக்கினார்.

"ஒண்ணு... ரெண்டு..."

ஐந்திலேயே அவன் அடங்கிவிட்டான். சொன்ன எண்ணிக்கை குறையக்கூடாதே என்று ஏழையும் முடித்தார்.

போன் அடித்தது. திரையில்... மச்சான்!

"அத்தான்..."

"டேய்! உயிரோடவா இருக்கே?"

"ஆஸ்பத்திரியில, அத்தான். மண்டையில பத்தொன்பது தையல். செத்துட்டேன்னு நினைச்சுப் போயிட்டான். பாவம், அவசரத்துல இருந்தான் போல. காசை உருக்க உங்க பட்டறைக்குத்தான் வருவான்னு நினைச்சேன். என் தங்கக் காசு கிடைச்சுதா?"

"பத்திரமா இருக்கு. ஆனா... அவன் அதைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்கான்டா."

மறுமுனையில் ஓவென்று ஓர் அழுகை.

"தேய்ச்சானா...? அடக் கொலைகாரப் பாவி!"