தலைக்கு ஒரு சாண் மேலே

மூன்றாம் வரிசையில் ஒரு குடை கீழே இறங்கியிருந்தது. அதன் அடியில் யாரும் இல்லை.

அருங்காட்சியகத்தின் முற்றத்தில் இரண்டு மாதத்துக்கென்று போட்ட பந்தல் அது. உள்ளே கூரை நெடுக வெள்ளைத் துணிக் குடைகள். தரைப்பலகையில் யார் ஏறி நின்றாலும், நேர்மேலே இருக்கும் குடை மெல்ல இறங்கி, தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நிற்கும். நாளைக்கு எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள். ஒயர்களைக் கழற்றி வைக்க வந்த எலக்ட்ரீஷியன், பள்ளி விடுமுறை என்பதால் ஆறு வயது மகளையும் கூட்டிவந்திருந்தாள்.

"குட்டி, எங்கடி இருக்கே?"

"இங்கதாம்மா!"

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. அங்கே இன்னொரு குடை, குழந்தை உயரத்துக்குத் தாழ்ந்து நின்றது. அப்படியென்றால் இது?

வாசல் காவலாளிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உள்ளே வேற யாரையாவது விட்டீங்களா?"

"இன்னைக்கு லீவும்மா. ஈ, காக்கா கூட இல்ல. பலகை நனைஞ்சிருக்கும், கழட்டிப் போட்டுட்டுக் கிளம்பு."

இருக்கலாம். மத்தியானம் பெய்த மழையில் துணியெல்லாம் ஊறி, மூடிவைத்த அலமாரியைத் திறந்தாற்போல் ஒரு முடை வாடை அடித்தது. மோட்டார்களின் முனகலுக்கு நடுவே, எங்கோ பலகை ஒன்று எடை தாங்காமல் கிறீச்சிட்டு அடங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் வரிசைக் குடை மேலே ஏறியது. நான்காம் வரிசையில் ஒன்று இறங்கியது. பிறகு ஐந்தாம் வரிசையில்.

நடக்கிறது. குட்டி இருக்கும் பக்கமாக.

மெயின் ஸ்விட்சை அடித்து இறக்கினாள். கரண்ட் போனால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும்; குடைகள் எல்லாம் விருட்டென்று கூரைக்கு ஏறின. முனகல் நின்றது. தூரத்தில் மகள் முழுசாகத் தெரிந்தாள். தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது ஒரு குடை இறங்கியது.

சத்தமே இல்லாமல்.

"குட்டி, வெளியே ஓடி வா!"

மகள் திரும்பவில்லை. எதிரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்து வரும் ஓர் ஆளின் முகத்தைப் பார்ப்பதுபோல.

இன்னொரு குடை. இன்னும் பக்கத்தில். ஓடினாள். ஈரப்பலகை வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். மகளை ஒட்டிய குடை இறங்கி நின்றது. பெரியவர்கள் உயரம்.

பிறகு தாழ்ந்தது.

இன்னும் தாழ்ந்தது.

குனிகிறது.

குழந்தை உயரத்துக்கு வந்து நின்றது.

பாய்ந்துபோய் அந்தத் துணியைப் பிடித்துக் கிழித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மகளை வாரி இடுப்பில் தூக்கினாள். உடம்பு வந்தது. வலது கை வரவில்லை. வெற்றுக் காற்றில் விறைப்பாக நீண்டு நின்றது.

"அம்மா, இவங்க கைய விட மாட்டேங்கிறாங்க."

பிஞ்சு மணிக்கட்டில் நான்கு பள்ளங்கள், வரிசையாக. அவள் இழுக்க இழுக்க, அவை ஆழமாகிக்கொண்டே போயின.